சாரை இருக்கட்டும், விறகைத் தள்ளி அடுக்குங்கள்

கேள்வி கேட்ட தங்கச்சி கொழும்பில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர். கணவரின் பூர்வீக வளவு திருகோணமலையில் கன்னியாப் பக்கம் இருக்கிறது. இந்த வருடம்தான் அங்கே குடிவந்திருக்கிறார்கள். நாலு வயதில் ஒரு மகன். வந்த முதல் மாதமே குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி, விறகு அடுக்குக்குள் ஆறடிப் பாம்பு ஒன்று. பக்கத்து வளவு ஐயா சுற்றிவர மண்ணெண்ணெய் தெளித்து, கண்டதையெல்லாம் அடித்துப் போடச் சொல்கிறாராம். மாமியாரோ பாம்பில் கை வைக்கக்கூடாது, நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்தால் போதும் என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்கிறார்.

தங்கச்சி, மாமியார் சொல்வது முக்கால்வாசி சரி. ஐயா சொல்வதில் காற்பங்குகூடத் தேறாது. நான் தம்பலகாமத்தில் வயல்கரை வீட்டில் பிறந்தவள். 31 வருடம் தாதியாக வேலை பார்த்தேன், அதில் பெரும்பகுதி இந்த மாவட்டத்துக் கிராமப்புற ஆஸ்பத்திரிகளில். அறுவடை தொடங்கினால் பாம்புக்கடிக்கென்று வார்ட்டில் இரண்டு கட்டில் எப்போதும் காலியாக வைத்திருப்போம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பாம்பும் நாமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதலில் அந்த விறகடிப் பாம்பு. மஞ்சளோடிய மண்ணிறம், உதட்டில் கறுப்புக் கோடு கோடாக, பகல் பதினொரு மணி, உங்களைக் கண்டதும் ஓட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சாரை. விஷம் கிடையாது. மடக்கிப் பிடிக்கப் போனால் கடிக்கும், இரத்தம் வரும். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஏற்பு ஊசி போட்டதா என்று பார்த்துக்கொண்டால் சரி. சாரை ஒரு வளவில் தங்குகிறதென்றால் அங்கே எலி இருக்கிறது. எலி சும்மா வராது, எலிக்காய்ச்சலையும் கொண்டு வரும். 2008இல் நம் நாட்டில் ஒரே வருடத்தில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் சந்தேகிக்கப்பட்டது, ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். வயலில் இறங்கும் ஆட்கள் உள்ள வீட்டில் சாரையை அடிப்பது சம்பளம் வாங்காத காவல்காரனை அடித்துத் துரத்துகிற மாதிரி.

சாரையைப் பற்றி இன்னொன்றும் கேள்விப்படுவீர்கள்: சாரையும் நாகமும் பிணையும், அப்போது மேலே வெள்ளை வேட்டி விரித்தால் அதிர்ஷ்டம் என்று. என் அப்பாச்சி அதற்கென்றே ஒரு வெள்ளைத் துணி வைத்திருந்தா. உண்மையில் அப்படி முறுக்கிக்கொண்டு எழும்புவது இரண்டுமே ஆண் சாரைகள். சண்டை பிடிக்கின்றன, யார் தலையை யார் நிலத்தில் அமத்துவது என்று பார்க்கும் மல்யுத்தம். துணி விரிக்கப் போய் வரம்பில் விழுந்து கையை முறித்த ஒருவருக்கு நானே மாவுக்கட்டுப் போட உதவியிருக்கிறேன்.

இனி வளவு. பாம்புக்கு உங்களோடு ஒரு பகையும் இல்லை, உங்கள் வளவில் உள்ள சாமானோடுதான் அதற்கு வேலை. எலி, தவளை, ஒதுங்க ஒரு இருட்டு மூலை, வைகாசி ஆனி வெயிலில் கொஞ்சம் ஈரம். இவற்றை வீட்டுச் சுவரோடு ஒட்ட வைத்துவிட்டுப் பாம்பு வருகிறதே என்று அழுது பயனில்லை. விறகை வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, நிலத்தில் படாமல், நாலு கல்லில் பலகை போட்டு அடுக்குங்கள். கிடுகு, பொச்சு மட்டை, ஓட்டுத் துண்டு, பழைய தறப்பாள், கட்டிடம் கட்டி மிஞ்சிய கற்குவியல் எல்லாவற்றுக்கும் அதே விதி. குசினிக்குப் பின்னால் சோற்றுத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஒரு சேற்றுக் குழி உருவாகியிருக்கும், எல்லா வீட்டிலும் இருக்கும். அதில் தவளை. தவளையைத் தேடி யார் வருவார் என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் தண்ணீரை வாழையடிக்குத் திருப்பி விடுங்கள்.

நெல் மூட்டையையும் கோழித் தீனியையும் சாக்கில் வைக்காமல் மூடியுள்ள பீப்பாவில் போடுங்கள். கோழிக்கூட்டை வீட்டுச் சுவரோடு சாய்த்துக் கட்டாதீர்கள். கோழிக்குஞ்சும் முட்டையும் நாகத்துக்கும் பிடிக்கும், வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்புக்கும் பிடிக்கும். எங்கள் வீட்டில் ஒரு முறை விடியப் பார்த்தால் வெங்கிணாந்தி சேவலை விழுங்கிவிட்டுக் கூட்டுக்குள்ளேயே கிடந்தது. உள்ளே போன கம்பி இடைவெளியால் வெளியே வர அதற்கு வயிறு விடவில்லை! சின்னக் கண் வலை அடித்திருந்தால் சேவலும் பிழைத்திருக்கும், எனக்கும் அன்று வேலைக்குப் பிந்தியிருக்காது.

கதவுக்கு அடியில் ஒரு விரல் போகுமென்றால் சின்னப் பாம்பும் போகும். பழைய சாரத்தை உருட்டி மணல் நிரப்பித் தைத்து இரவில் கதவடியில் வைத்தால் போதும். குளியலறைத் தண்ணீர் வெளியே போகும் குழாய் வாயில் கம்பி வலை. கூரையைத் தொடும் மாங்கிளையை வெட்டுங்கள், அதன் வழியே எலியும் இறங்கும், எலிக்குப் பின்னால் வருவதும் இறங்கும்.

மண்ணெண்ணெய், உள்ளி இடித்த தண்ணீர், பெருங்காயக் கரைசல், கார்போலிக் தூள், இந்த வகையறா எதற்கும் பாம்பு திரும்பிப் போனதை நான் கண்டதில்லை. மண்ணெண்ணெய் உங்கள் கிணற்றுக்குள் இறங்கும், அதுதான் மிச்சம். வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டித் தொங்கவிடச் சொல்வார்கள். தொங்கட்டும், அதனால் கெடுதி இல்லை. ஆனால் கிழங்கு தொங்குகிறதே என்று கதவைத் திறந்து வைத்துத் தூங்காதீர்கள்.

நம் நாட்டில் நூறுக்கு மேற்பட்ட பாம்பினங்கள் உண்டு, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நீங்கள் இரண்டைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தால் போதும். நாகம் மூன்றாவது, ஆனால் அது படமெடுத்துச் சீறித் தானே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். இந்த இரண்டும் அப்படி இல்லை.

ஒன்று எண்ணெய் விரியன், கட்டு விரியன் என்றும் சொல்வார்கள். எண்ணெய் பூசியது போன்ற கறுப்புப் பளபளப்பு, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். பகலில் கண்டால் பரம சாது, சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும். இரவில் வேறு ஆள். எலி, பல்லி, வேறு பாம்பு தேடி வீட்டுக்குள் வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஆளின் பக்கத்தில் ஊர்ந்து போகும், அவர் புரண்டால் கடிக்கும். கடி எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது, பல பேர் எழும்புவதே இல்லை. தடமும் தெரியாது, வீக்கமும் இருக்காது.

ஒரு மார்கழி விடியற்காலை இருபது வயதுப் பையன் ஒருவனைக் கொண்டு வந்தார்கள். மூன்று மணிக்கு வயிற்றுவலி என்று எழும்பியிருக்கிறான். வாயுவாக்கும் என்று தாய் இஞ்சி அவித்துக் கொடுத்திருக்கிறா. எங்களிடம் வந்தபோது ஐந்தரை. கண்ணைத் திற தம்பி என்றேன். நெற்றியைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறான், புருவம் மேலே போகிறது, இமை எழும்பவில்லை. தலையைச் சற்று நிமிர்த்தி இமைக்குக் கீழே இருந்த இடுக்கால் என்னைப் பார்த்தான். நாக்கை நீட்டச் சொன்னேன், பல்லுக்கு வெளியே வரவில்லை. எங்கே படுத்தாய் என்று கேட்டதற்குக் கையால் நிலத்தைக் காட்டினான். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழியிலேயே மூச்சுக்குக் கை பம்ப் அமுக்க வேண்டி வந்தது. நாலு நாள் மெஷின் மூச்சு. ஐந்தாம் நாள் தானாக மூச்சு விட்டான். இந்தப் பாம்பின் விஷம் நரம்பின் நுனியைக் கெடுத்துவிட்டால் மருந்து ஏற்றினாலும் அது உடனே திரும்பாது. நரம்பு தானாகத் தேறும்வரை மெஷின் மூச்சுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நேரத்துக்கு வந்தால் பிழைப்பார்கள்.

ஆகவே மழைக்காலத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரை, யாரும் நிலத்தில் படுக்க வேண்டாம். கட்டில் இல்லையென்றால் வாங்குப் பலகை. அதுவும் இல்லையென்றால் நுளம்பு வலை, அதன் ஓரத்தைச் சுற்றிவரப் பாய்க்கு அடியில் இறுக்கிச் செருகி. நேபாளத்தின் தாழ்நிலக் கிராமங்களில் செய்த ஆய்வு ஒன்றும் வலைக்குள் தூங்குபவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று கண்டது. நுளம்புக்கு வாங்கும் வலை இரட்டை வேலை செய்கிறது. உங்கள் மகனை இன்றிரவே வலைக்குள் போடுங்கள், மற்ற எல்லாவற்றையும் நாளை பார்க்கலாம்.

எண்ணெய் விரியன் என்று அடித்துக் கொல்லப்படுவதில் ஏராளம் ஓநாய்ப் பாம்பு. அப்பாவி, பல்லி பிடிக்க வீட்டுக்குள் வருவது. அதற்கும் வெள்ளைப் பட்டைகள் உண்டு, ஆனால் கழுத்தில் தடிப்பாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். எண்ணெய் விரியனுக்குத் தலைப்பக்கம் வெறுமையாக இருந்து வாலை நோக்கிப் போகப் போகக் கோடு தெளிவாகும். சுவரில் ஏறிக்கொண்டிருந்தால் அநேகமாக ஓநாய்ப் பாம்புதான். ஆனாலும் இதை நம்பிக் கையால் தூக்கிவிடாதீர்கள். இருட்டில், பதற்றத்தில், எனக்கே இன்னும் சந்தேகம் வரும்.

இரண்டாவது கண்ணாடி விரியன். எங்கள் பக்கம் புடையன், முத்திரைப் புடையன் என்பார்கள். தடித்த உடம்பு, முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி கோர்த்த மாதிரி முட்டை வடிவப் புள்ளிகள். இது வீட்டுப் பாம்பு அல்ல, வரம்பும் வைக்கோலும் புல்லும்தான் இதன் இடம். ஓடாது. காய்ந்த சருகு போலக் கிடக்கும், பக்கத்தில் போனால் குக்கர் விசில் வரும் முன் மூச்சு விடுமே, அப்படி நீளமாகச் சீறும். அதற்கு மேலும் நெருங்கினால் அடிக்கிற வேகம் கண்ணுக்குத் தெரியாது. முட்டை இடாது, ஒரே தடவையில் இருபது முப்பது குட்டி போடும், குட்டிக்கும் பிறந்த அன்றே விஷம் உண்டு. பெரும்போக வெட்டு நேரம், மாசி பங்குனியில், கதிரோடு சேர்த்துக் கையால் அள்ளும்போது கடிபடுவார்கள். இப்போது மெஷின் வெட்டு வந்து கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாலையில் வயல் வரம்பால் செருப்புக்கூட இல்லாமல் நடக்கும் பழக்கம் மட்டும் குறையவில்லை.

புடையன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மை போய்விடும். அதைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்யும் சோதனை மிக எளியது. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் நிறுத்தி வைப்போம். அந்த 20 நிமிடம் வார்ட்டில் ஒருவரும் பேசமாட்டார்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு ஒரே ஒரு தரம் சரிப்போம். கட்டியாக நின்றால் நல்லது. தேத்தண்ணீர் மாதிரி ஓடினால் உடனே விஷமுறி மருந்து. சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். நம் நாட்டுப் புடையன் கடியில் இமை தொங்குவதும் உண்டு, அதனால் இமையை மட்டும் பார்த்து எந்தப் பாம்பு என்று முடிவு கட்ட முடியாது.

இன்னும் சில உண்டு. மூக்கு நுனி மேலே தூக்கிய சின்னக் குழி விரியன் சருகுக்குள் இருக்கும். நாடு முழுவதையும் எடுத்தால் விஷப்பாம்புக் கடிகளில் பெரும்பங்கு இதனுடையது. இங்கே பாவிக்கும் விஷமுறி மருந்து இந்தியாவில் செய்தது, நாகம், எண்ணெய் விரியன், புடையன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான், குழி விரியனுக்கு அது கேட்காது. மீன்பிடிக்கிற வீட்டுக்காரர்கள் வலையில் வரும் கடல்பாம்பைக் கையால் எடுத்து எறிவதைக் கண்டிருப்பீர்கள், அதற்கும் இந்த மருந்து உதவாது. உங்களுக்கு இவை பெரிய கவலை இல்லை.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதை ஒரு மட்டையில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டி வைக்கச் சொல்வேன். கடிபட்டவரை உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான உடுப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்கினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கையோ காலோ, முறிந்த எலும்புக்குக் கட்டுவது போல ஒரு தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். கயிறு போட்டு இறுக்க வேண்டாம். கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், சாராயம் கொடுக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரப் பிந்துமென்றால் ஓட்டோவில் ஏற்றுங்கள், கடிபட்டவரே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வரக்கூடாது. அப்படி வந்து ஆஸ்பத்திரி வாசலில் விழுந்தவர்கள் உண்டு. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீர்கள். தூர நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். அடித்துப் பொலித்தீன் பையில் கொண்டு வந்த பாம்பு மேசையில் அசைந்து, நாங்கள் எல்லோரும் கதிரையில் ஏறி நின்ற கதை ஒன்றும் உண்டு.

மாமியார் விஷகடி வைத்தியரிடம் போகச் சொல்லக்கூடும். அவர்களை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன், என் தாத்தாவே பார்வை பார்த்தவர். ஆனால் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 2012, 2013இல் நாடு முழுக்க வீடு வீடாகக் கேட்டுச் செய்த கணக்கெடுப்பின்படி வருடத்துக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகிறார்கள். அதில் உடலில் விஷம் ஏறியவர்கள் 30,000 அளவில். இறந்தவர்கள் 464. அப்படியென்றால் 50,000 பேருக்கு ஒன்றுமே ஆகவில்லை. கடித்தது சாரையாக, தண்ணீர்ப் பாம்பாக இருக்கும், அல்லது விஷப்பாம்பே விஷம் இறக்காமல் கடித்திருக்கும். இந்த 50,000 பேரும் விஷத்தை உறிஞ்சுமென்று கடிவாயில் கறுப்புக் கல் வைத்தாலும் பிழைப்பார்கள், மந்திரித்த தண்ணீர் குடித்தாலும் பிழைப்பார்கள், படுத்து நித்திரை கொண்டாலும் பிழைப்பார்கள். கல்லின் பெயர் இப்படித்தான் வளர்கிறது. மிச்சப் பேரில் நீங்களும் ஒருவரா என்பது முதல் ஒரு மணி நேரத்தில் தெரியாது. அதனால் முதலில் ஆஸ்பத்திரி, குறைந்தது ஒரு நாள் அங்கே. வீட்டுக்கு வந்த பிறகு யாரிடம் வேண்டுமானாலும் போங்கள்.

வீட்டுக்குள்ளேயே பாம்பைக் கண்டால்? மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி, வெளிவாசல் கதவை அகலத் திறந்து விட்டு, தூரத்திலிருந்து ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணை எடுத்தால் அது அலுமாரிக்குக் கீழ் போய்விடும், அப்புறம் அன்றிரவு ஒருவருக்கும் தூக்கம் இல்லை. பெரும்பாலும் பத்து இருபது நிமிடத்தில் தானே வெளியேறும். போகாவிட்டால் ஊரில் பிடிக்கத் தெரிந்தவரை, அல்லது வனஜீவராசிகள் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். தும்புத்தடியால் அடிக்கப் போனவர்கள்தான் என் வார்ட்டில் அதிகம் படுத்தவர்கள்.

கட்செவி என்று பாம்புக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு, கண்ணே காது என்று. (இப்போது வாட்ஸப்புக்குத் தமிழ்ப்பெயர் தேடி அதையும் கட்செவி ஆக்கிவிட்டார்கள்.) பாம்புக்கு வெளிக்காது கிடையாது, நிலத்தின் அதிர்வைத்தான் நன்றாக உணரும். அதனால் இரவில் வெளியே போகும்போது ரோச் லைட்டோடு, காலைச் சற்று அழுத்தி வைத்து, கையில் தடி இருந்தால் நிலத்தில் தட்டிக்கொண்டு போனால் அநேக பாம்புகள் வழி விட்டுவிடும். புடையன் மட்டும் விடாது, அதற்குத்தான் லைட்.

சிலந்திக்கு வருகிறேன். பயத்தில் நீங்கள் அதைத்தான் முதலில் எழுதியிருந்தீர்கள், ஆனால் சொல்ல வேண்டியது குறைவு. குளியலறைச் சுவரில் கால் பரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய மண்ணிறச் சிலந்தி வலை கட்டாது. இரவில் கரப்பானை ஓடிப் பிடிக்கும். வயிற்றுக்குக் கீழ் வெள்ளையாக ஒரு வட்டத் தட்டு வைத்திருந்தால் அது முட்டைப் பை, தாய் சாப்பிடாமல்கூட அதைச் சுமந்து திரிவா. கொமட்டுக்குப் பின்னால் கரப்பான் இல்லையென்றால் சிலந்தியும் இடம் மாறிவிடும். மனம் கேட்காவிட்டால் வாய் அகலமான போத்தலால் மூடி, அடியில் ஒரு மட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடுங்கள். கூரை மூலையில் நூல் நூலாகக் கால் வைத்த, தொட்டால் கிறுகிறுவென்று ஆடும் சிலந்தி நுளம்பு தின்னும். நான் ஒட்டறை அடிக்கும்போது என் கட்டிலுக்கு நேர் மேலே உள்ளதை விட்டுவிடுவேன், வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஜன்னலில் பாய்ந்து பாய்ந்து ஈ பிடிக்கும் சின்னச் சிலந்தியை மகனுக்குக் காட்டுங்கள். முன்னால் இரண்டு பெரிய கண், நீங்கள் அசைந்தால் அதுவும் திரும்பி உங்களைப் பார்க்கும். நாலு வயதுக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் இல்லை.

சிலந்திக்கு நம்மிடம் கெட்ட பெயர் வந்ததில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. நாட்டு வைத்தியத்தில் ஒருவகைக் கட்டிக்கும் புண்ணுக்கும் பெயர் சிலந்தி. நரம்புச் சிலந்தி என்பது உண்மையில் ஒரு புழு. பெயர் ஒன்றாகப் போனதால் உடம்பில் எது கொப்புளித்தாலும் சிலந்தி எச்சம் பட்டது என்கிறோம். வார்ட்டுக்கு வந்த சிலந்திக் கடிகளில் ஒரு பங்கு அக்கி. இன்னொரு பங்கு, மழைக்காலத்தில் லைட்டுக்கு வரும், செம்மஞ்சளும் கறுப்புமான, எறும்பு போன்ற ஒரு சின்ன வண்டின் வேலை. கழுத்தில் ஊரும்போது தட்டி நசுக்கிவிடுவோம், அதன் சாறு பட்ட இடம் அடுத்த நாள் கோடு இழுத்தது போலப் பொங்கும். அது ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மதிப்புக் கொடுக்க வேண்டிய ஒரே சிலந்தி புலிமுகச் சிலந்தி. மயிர் அடர்ந்த, சாம்பல் நிறக் கோலம் போட்ட பெரிய உருவம், பழைய மரப்பொந்திலும் ஓட்டுக்கூரை இடுக்கிலும் இருக்கும். கடித்தால் கடுமையான நோவு, தசை இழுப்பு நாட்கணக்கில் வந்து வந்து போகும், ஆனால் அதனால் செத்தவர் என்று பதிவு இல்லை. 2009இல் மாங்குளத்தில் ஊரவர் ஒருவர் இந்த வகையில் செத்த ஆண் சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்து காட்டப்போய், ஆராய்ச்சியாளர்கள் தேடி அலைந்து, உலகத்துக்கே புதிய இனம் என்று 2012இல் அறிவித்தார்கள். கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர். தேடலில் வழிகாட்டிய பொலிஸ் இன்ஸ்பெக்டர் மைக்கல் ராஜகுமார் புராஜாவின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். பழைய மரங்கள் போனதால்தான் அது கட்டடங்களுக்குள் ஒதுங்குகிறது. உங்கள் வளவில் பழைய புளியோ பாலையோ நின்றால் வெட்டாமல் விடுங்கள், அது அங்கேயே இருக்கும்.

மட்டத்தேளும் தேளும் சிலந்தியைவிட உங்களுக்கு அதிகம் தொந்தரவு தரும். சப்பாத்தையும் கொடியில் கிடந்த துவாயையும் உதறிவிட்டுப் பாவியுங்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

மகனுக்குப் பயம் காட்ட வேண்டாம். பாம்பு வருது, சாப்பிடு என்று சொல்லிச் சோறு ஊட்டிய பிள்ளைகள்தான் பெரியவர்களாகிக் கம்பெடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கண்டால் நில், அப்படியே பின்னால் வா, அம்மாவைக் கூப்பிடு. இந்த மூன்றையும் ஒரு துண்டுக் கயிற்றை முற்றத்தில் போட்டு விளையாட்டாகப் பழக்குங்கள். ரப்பர் பாம்பு மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள், ஒரு நாள் நிஜத்தைத் தூக்கிக்கொண்டு வருவான்.

விறகை நாளை நண்பகலில் இடம் மாற்றுங்கள், நல்ல வெயிலில். கையால் இழுக்காமல் நீளத் தடியால் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினால் சாரை தன் பாட்டுக்கு வேலியால் போய்விடும். நேர்த்தி விஷயத்தில் மாமியாரோடு வாதாடாதீர்கள், பாம்பை அடிக்காதே என்று சொல்லும் ஒரு ஆள் வீட்டில் இருப்பது நல்லதுதான். நாகதம்பிரானுக்கு விளக்கு வைக்கப் பின்னேரம் போகும்போது மட்டும் அவ கையில் ஒரு ரோச் லைட்டைக் கொடுத்து அனுப்புங்கள்.